மின்சார ஸ்கூட்டருக்கு வாரண்டியில் பேட்டரி மாற்றியது எப்படி

ஷோரூமில் யாரும் படிக்கச் சொல்லாத ஒரு வரி வாரண்டி புத்தகத்தில் இருக்கும். என்னுடையதில் இருந்தது இது: மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதற்குள் பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இலவசமாக மாற்றித் தரப்படும். அந்த 70-ஐ யார் அளப்பது, எப்படி அளப்பது என்று ஒரு எழுத்தும் இல்லை. எனக்கு இழுத்தடித்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான்.

மடிப்பாக்கத்திலிருந்து அசோக் நகருக்குத் தினமும் போய்வர வாங்கிய வண்டி. புதிதில் ஒரு சார்ஜுக்கு 85 கிலோமீட்டர் தாராளமாக ஓடியது. இரண்டாவது கோடை முடிந்தபோது 50-ஐத் தொடவே திணறியது. ரேஞ்ச் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கத்திப்பாரா பாலம் ஏறத் தொடங்கும்போது 34 சதவீதம் என்று காட்டிய திரை, பாதி ஏறுவதற்குள் 9 என்று காட்டும். வேகம் தானாக அடங்கிப்போகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி 20 என்று எழுந்து உட்காரும்.

சர்வீஸ் சென்டரில் சொன்னால், "டயர்ல காத்து செக் பண்ணீங்களா மேடம்? ஈகோ மோடுல ஓட்டுங்க, ரேஞ்ச் வரும்" என்றார்கள். அடுத்த முறை சாஃப்ட்வேர் அப்டேட். அதற்கடுத்த முறை, "வெயிலுக்கு எல்லா வண்டியும் இப்படித்தான் மேடம்." பேட்டரி தனியாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டு வைத்தேன். அறுபதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள்.

விஷயம் பிடிபட்டது பின்பக்கம் வேலை பார்க்கிற ஒரு பையனால். லேப்டாப்பை வண்டியில் சொருகி, திரையை என் பக்கம் திருப்பினான். பதினான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வோல்டேஜ். பதிமூன்றில் 3.5-ஐ ஒட்டி இருந்தது. ஒன்றில் மட்டும் 3.1. "இதுதான்க்கா உங்க வண்டியைப் புடிச்சு இழுக்குது. போட்டோ எடுத்துக்குங்க, நான் காட்டுனேன்னு சொல்லிடாதீங்க."

பேட்டரி பெட்டிக்குள் இருப்பது ஒரே பேட்டரி இல்லை. விரல் தடிமனில் நூற்றுக்கணக்கான லித்தியம் செல்கள். அவற்றைப் பதினான்கு கூட்டமாகப் பிரித்து வரிசையாக இணைத்திருக்கிறார்கள். கூடவே பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட். எந்தக் கூட்டத்தின் வோல்டேஜும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகவிடாமல் பார்ப்பது அதன் வேலை. பந்தியில் ஒருவர் இலையை மூடியதும் எல்லோரும் எழுந்துகொள்வது மாதிரி, நலிந்த ஒரு கூட்டம் தீர்ந்ததும் மற்ற பதிமூன்றில் சக்தி மிச்சமிருந்தாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடும். மேட்டில் ஏறும்போது கரண்ட் அதிகமாக இழுப்பதால் அந்தக் கூட்டம்தான் முதலில் சரியும். நிறுத்தினால் கொஞ்சம் மீளும். கத்திப்பாரா நாடகம் இவ்வளவுதான்.

போட்டோவைக் காட்டினால் "அது அந்த நேரத்து ரீடிங்" என்று தள்ளிவிடுவார்கள் என்று தெரியும். ஆகவே ரிச்சி தெருவில் பிளக்கில் மாட்டுகிற எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள். கடைக்காரர் பேட்டரியைத் திறந்து அந்தக் கூட்டத்தை மட்டும் மாற்றித் தருகிற ஆளைக் காட்டுவதாகவும் சொன்னார். செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் சீலை உடைத்தால் வாரண்டி போச்சு. 2022-இல் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் இறந்ததை நான் மறக்கவில்லை. அந்த வருட டிசம்பரிலிருந்துதான் ஏஐஎஸ் 156 என்கிற பேட்டரி பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது. சீலை உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

மீட்டர் கணக்கு எளிது. வண்டியை அநேகமாகக் காலியாகும்வரை ஓட்டி, மீட்டரைப் பூஜ்யமாக்கி, முழுசாக சார்ஜ் ஏறும்வரை விட வேண்டும். என் பேட்டரி 2.9 யூனிட் கொள்ளும் என்று புத்தகம் சொல்கிறது. சார்ஜர் சூடாவதில் பத்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்தால், சுவரிலிருந்து 3.2 யூனிட் இழுக்க வேண்டும். இழுத்தது 1.9. கழிவு போக 1.7, அதாவது 59 சதவீதம். தேதியோடு மீட்டரையும் ஓடோமீட்டரையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து வைத்தேன். ஒருமுறை போதாது, வாரம் விட்டு மறுபடியும் செய்யுங்கள்.

பிறகு போனில் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். எல்லாம் மின்னஞ்சல்தான். வாரண்டி வரியை அப்படியே எழுதி, என் அளவீட்டை இணைத்து, "கொள்ளளவுச் சோதனை செய்து அறிக்கையை எழுத்தில் தரவும்" என்று மட்டும் கேட்டேன். ரேஞ்ச் என்ற சொல்லே வரக்கூடாது. வந்தால் மறுபடி டயர் காற்றுக்குப் போய்விடுவார்கள். பதில் வராமல் போகவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்திலிருந்தே அழைத்தார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், கெடு இரண்டு வருடம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

சோதனைக்கு வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும். அந்த நாட்களில் பஸ். இதில் ஒரு வேடிக்கை. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின்சாரப் பேருந்துகளை ஓடவிட்டதே, அவை கழகம் வாங்கியவை இல்லை. தனியார் நிறுவனம் ஓட்டுகிறது, கழகம் கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது. பேட்டரி நலிந்தால் தலைவலி ஓட்டுகிற நிறுவனத்துக்கு. நமக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடைத்தால் இந்த மீட்டர், மின்னஞ்சல் எதுவும் வேண்டாம்.

அவர்கள் அறிக்கையில் 61 சதவீதம் என்று வந்தது. பேட்டரியை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வருவது புதிய பேட்டரியா, பழுது பார்த்ததா, அதன் சீரியல் எண், அதற்கு வாரண்டி எதுவரை. எனக்கு வந்தது புதியதுதான். வீட்டில் மாட்டிப் பார்த்தால் மீட்டர் 3.2 என்றது.

வாரண்டி மட்டும் பழைய தேதியிலேயே முடியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதாவது வருகிற ஏப்ரலோடு. புதுப் பேட்டரிக்கு சில மாத வாரண்டிதானா என்று எதிர்ப்புத் தெரிவித்து எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.