வந்தே மீனாக்ஷிக்கு ஒரு ஜெராக்ஸ்

நவராத்திரிக்கு மகள் வயலினில் 'வந்தே மீனாக்ஷி' வாசிக்க ஆசைப்பட்டாள். போனில் சுற்றும் நொட்டேஷன்கள் ஆளுக்கொரு மாதிரி இருந்தன. "மூலப் புத்தகத்தைப் பார்த்துட்டு வாங்க" என்றார் டீச்சர். அங்கே ஆரம்பித்தது அலைச்சல்.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில், அதாவது மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாட்டுகளில், ஒன்று இது. மெட்டு 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் ஃபிடில் மெட்டு. மாலோ என்பது கார்க் மாவட்டத்து ஊர். தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்தபோது, அவர்களை ஆதரித்த முதலியார் வீட்டார் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பாண்டு இசையைக் கேட்க அழைத்துப்போவார்களாம். கடைசித் தம்பி பாலுஸ்வாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலினே கற்றுக்கொண்டார். இன்று கச்சேரியில் வயலின் உட்கார்ந்திருப்பதற்கு அவர் முக்கியமான காரணம். அண்ணன் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் 1905-இல் வெளிவந்த தன் 'பிரதமாப்யாச புஸ்தகமு'வில் நோட்டுஸ்வரங்களை அச்சில் ஏற்றினார். எனக்கு வேண்டியது அந்தப் புத்தகம்.

நூலகத்துக் கவுன்ட்டரில் பெயரை எழுதியே கொடுத்தேன். வந்தது அதே சுப்பராம தீட்சிதரின் பெரிய தொகுப்பான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. "இது இல்லீங்க, சின்னப் புத்தகம்" என்றால், "தீட்சிதர் புத்தகம்தானே மேடம்? இதுல அஞ்சு பாகமும் இருக்கு, எது வேணுமோ பாருங்க" என்கிறார் கவுன்ட்டர்க்காரர். நான் கேட்ட புத்தகம் பழசு, தனி அறையில் இருக்கிறது, பார்க்கக் கல்லூரிக் கடிதம் வேண்டும் என்பதைச் சொல்லவே ஒரு மதியம் ஆக்கினார். டீச்சரிடம் கடிதம் வாங்கிப் போனேன். லெட்டர்ஹெட் இல்லையே, சீல் இல்லையே என்று திருப்பிவிட்டார். நாற்பது வருஷமாக வீட்டில் சொல்லிக்கொடுப்பவருக்கு ரப்பர் ஸ்டாம்பு எதற்கு? கடைசியில் டீச்சரின் பழைய மாணவி ஒருத்தர், கல்லூரியில் வேலை பார்ப்பவர், சீல் குத்திக் கொடுத்தார். அதை அந்த மனிதர் படிக்கக்கூட இல்லை, சீலைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்!

போட்டோ எடுக்கக் கூடாது, ஜெராக்ஸ் மட்டும் எடுக்கலாம். அதிலும் டோனர் தீர்ந்து, கிடைத்தது வெளிறிய பிரதி. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஸ்வரங்களுக்கு மேலே உள்ள கோடுகள் பாதி காணோம். கோடு போனால் காலக்கணக்கே போச்சு. கீழே இருக்க வேண்டிய புள்ளிகளும் அப்படித்தான். இந்த மெட்டு 'ச க ச க' என்று குதித்து, அடுத்து 'நி ரி நி ரி' என்று இறங்கும். அது மந்திர நி, அதாவது கீழ் ஸ்தாயி நி. புள்ளி தெரியாததால் மகள் மேல் நி-யில் வாசித்து, பாட்டு எங்கேயோ பறந்தது. திரும்பவும் போய், மூலத்தைப் பார்த்துப் பென்சிலால் கோடும் புள்ளியும் போட்டுக்கொண்டு வந்தேன். போகிறவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள், எழுந்து வருவதற்குள் பிரதியை வரிவரியாகச் சரிபாருங்கள்.

புத்தகம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஸ்வரத்துக்கு ஏழு எழுத்து தெரிந்தால் போதும், ஒரு காபி ஆறுவதற்குள் வந்துவிடும். சாகித்யத்துக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி இருந்தார். தீட்சிதரின் கையெழுத்து மாதிரி வரும் 'குருகுஹ' முத்திரை வந்த இடத்தில் அவரே பாட ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வேண்டாம். மகளுக்குக் காந்தாரம் (க) வந்தாலே விரல் தானாக ஆடும், பழக்கம் அப்படி. அதை நிறுத்த டீச்சர் பட்ட பாடு தனிக்கதை. சங்கராபரண ராகத்து ஸ்வரங்கள்தான், ஆனாலும் நேராகத்தான் வாசிக்க வேண்டும், அசைத்தால் கோட்டை பாண்டு போய்விடும். கொலுவன்று ஒரே ஒரு காந்தாரம் மட்டும் ஆடியது. டீச்சர் முறைத்தார், மற்ற எல்லோரும் கை தட்டினார்கள்.