விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு

போன மாதம் 18ஆம் தேதி காலையில் லேப்டாப்பைத் திறந்தால் திரை வரவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் விர்ரென்று சுற்றுகிறது, அத்தோடு சரி. நான் வீட்டிலிருந்தே ஐந்தாறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், டேலி டேட்டா முழுக்க இதற்குள்தான் கிடக்கிறது. கடைசியாக பேக்கப் எடுத்தது எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்.

தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த ரிப்பேர் கடைக்கு ஓடினேன். அவர் பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு மேடம், 8,500 ஆகும், புதுசே வாங்கிடலாம்" என்றார். பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து சித்தி பையனுக்கு போன் போட்டேன். "அக்கா, கேப்ஸ் லாக் லைட்டப் பாருங்க, சும்மா எரியுதா, எண்ணி எண்ணி சிமிட்டுதா?" என்றான். ஆறு வருடமாகத் தட்டுகிற கீபோர்டு, அந்த விளக்கை நான் பார்த்ததே இல்லை. பார்த்தால், சிமிட்டுகிறது, நிற்கிறது, மறுபடி அதே கணக்கில் சிமிட்டுகிறது. திரை வராத நேரத்தில் மெஷின் தன் கோளாறைச் சொல்கிற வழியாம் அது, சில மாடல்களில் பீப் சத்தமாக வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேறு என்பதால் என் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் போனில் தேடி எடுத்தேன். என் மெஷின் சிமிட்டிய கணக்குக்கு நேரே ராம், அதாவது தற்காலிக நினைவகம், என்று போட்டிருந்தது. போர்டு மொத்தமாகச் செத்திருந்தால் இப்படிக் கணக்காகச் சிமிட்டவா போகிறது?

முதலில் அவன் சொன்னபடி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்தினேன். சில சமயம் இதுவே போதுமாம், எனக்குப் போதவில்லை. அப்புறம் பின்மூடி. பத்துத் திருகாணி, அதில் இரண்டு மற்றதைவிட நீளம், எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன் மேலேயே வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் மாட்டும்போது நீளமானது மேல் பக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும். உள்ளே பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் வேறு எதையும் தொட வேண்டும், இதில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. ராமின் இரு பக்கமும் உள்ள கிளிப்பை விலக்கினால் அது தானாக ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. தங்க நிறப் பல்வரிசை மேல் மங்கலாக ஒரு படலம். மழைக்காலம் முழுக்க ஜன்னலோரமாகவே இருந்த மெஷின், ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் மகனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து வெள்ளை அழிரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் முலாமைத் தேய்த்துவிடும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் சரி என்பார்கள், சரிதான், ஆனால் அந்த நேரத்துக்கு அதற்கு எங்கே போவது. துகளெல்லாம் ஊதிவிட்டு, சாய்வாகச் செருகி, கிளிப் டக்கென்று விழும்வரை அழுத்தினேன்.

பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினால் மறுபடி இருட்டு. அணைக்கப் போன கையை "ஒரு நிமிஷம் பொறுங்கக்கா" என்று போனில் இருந்த சித்தி பையன்தான் நிறுத்தினான். ராமைக் கழற்றி மாட்டினால் முதல் தடவை அதைச் சோதித்துப் பழக மெஷின் நேரம் எடுக்குமாம். ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து லோகோ வந்தது.

சந்தோஷப்பட விடவில்லை. நீலத் திரை, பிட்லாக்கர் ரெகவரி கீ கொடு என்கிறது, 48 இலக்கம். பிட்லாக்கர் என்பது டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. நான் எந்தக் காலத்தில் பூட்டினேன்? மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸில் நுழைந்தபோதே அது தானாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது, இப்போது மெஷினை எழுப்பிவிடுகிற பயோஸின் அமைப்பு அழிந்து பழைய நிலைக்குப் போனதும் யாரோ அந்நியர் என்று நினைத்துக் கேட்கிறது. நல்லவேளை, சாவியும் அதே கணக்கில் இருந்தது. போனில் நுழைந்து, திரையில் காட்டும் ஐடியோடு ஒப்பிட்டு, ஆறு ஆறாக எட்டுத் தொகுதி அடித்தேன். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் டேலியும் போச்சு, கடைக்காரர்கள் முகத்திலும் முழிக்க முடியாது. அந்த 48 எண்ணையும் தாளில் எழுதி ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துவிட்டேன்.

ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் ஜனவரி 1, அதுவும் பல வருடம் பின்னால். தேதி தப்பாக இருந்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை மெஷின் ஏற்காது. பயோஸ் அமைப்பு ஏன் அழிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது, அந்த அமைப்பையும் கடிகாரத்தையும் தாங்குகிற பொத்தான் பேட்டரி உள்ளே தீர்ந்திருக்கிறது. பெரிய பேட்டரியைக் கழற்றியதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. தேதியைக் கையால் திருத்தி ரிட்டர்னைப் போட்டு முடித்தேன்.

மறுநாள் வாட்ச் கடையில் சிஆர் 2032 பொத்தான் பேட்டரி ஒன்று வாங்கி வந்தேன். திறந்து பார்த்தால் என்னுடையதில் இரண்டு ஒயரும் ஒரு குட்டி கனெக்டரும் சேர்த்து உறை போட்ட மாதிரி. ஒயர் வைத்ததாக ஆர்டர் போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வாங்கி வந்ததை எடைத் தராசுக்குப் போட்டாயிற்று.