திருநீர்மலை: நீர் சூழ்ந்த மலையில் நான்கு திருக்கோலம்

திருநீர்மலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. பதினொன்றேகால் மணிக்கு அடிவாரம் வந்து, நீர்வண்ணப் பெருமாளை ஆர அமரச் சேவித்து, அர்ச்சனை முடித்து, பிறகு படியேறுவார்கள். மூச்சு வாங்க மேலே போய் நிற்கும்போது அரங்கன் சந்நிதி நடை சாத்தும் நேரமாகியிருக்கும். இந்தத் தலத்தில் பெருமாள் ஓரிடத்தில் இல்லை. கீழே ஒருவர், மலைமேல் மூவர். நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் காட்சி தருகிற நான்கு திருக்கோலங்களையும் சேவித்தால்தான் திருநீர்மலை யாத்திரை முழுமையாகும். அதற்கு இரண்டு மணி நேரம் கையில் வேண்டும்.

ஊர் சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்திலிருந்து மேற்கே சுமார் 5 கிலோமீட்டர். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வெளியே வந்தால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். குரோம்பேட்டையிலிருந்தும் வரலாம். தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலை ஊருக்குப் பக்கத்திலேயே போவதால் காரில் வருவோருக்குச் சிரமமில்லை. சிரமமெல்லாம் கோயிலை நெருங்கிய பிறகுதான். சந்நிதித் தெருவும் அதைச் சுற்றிய வீதிகளும் தேருக்காக விடப்பட்டவை, நூறு கார்களுக்காக அல்ல. முகூர்த்த நாளில் வண்டியைக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ளப் பெயரே போதும். தமிழில் நீர்மலை, வடமொழியில் தோயாத்ரி. தோயம் என்றாலும் நீர்தான். மலைமேலுள்ள விமானத்துக்கும் தோயகிரி விமானம் என்றே பெயர். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம். கிட்டே போக வழியில்லாமல் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகே ஏறிச் சேவித்தாராம். ஊர்ப் பெரியவர்கள் முதலில் சொல்லும் கதை இதுதான். கேட்பவர்கள் புராணம் என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த மண்ணின் அமைப்பைப் பார்த்தால் அது வெறும் கதையாகத் தோன்றாது.

அடையாறு ஒற்றை ஊற்றிலிருந்து புறப்படுகிற ஆறு அல்ல. தாம்பரத்துக்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றில் வழிந்து, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து நீரெல்லாம் சேர்ந்து ஓடையாகி வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் மேற்கிலிருந்து வந்து அதில் கலக்கும் இடம் திருநீர்மலைக்குப் பக்கத்தில். இரண்டும் கூடிய பிறகுதான் அடையாறு ஆறாகவே தெரிகிறது. அதன்பின் அனகாபுத்தூர், மணப்பாக்கம் வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. இரண்டு நீர்வழிகள் கூடும் தாழ்ந்த வெளியில் தனியாக ஒரு குன்று. பக்கத்தில் ஊர் ஏரி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் ஏரிகள் நிரம்பி, வயல்கள் மூழ்கி, பங்குனி வரை தண்ணீர் நிற்கும் நிலம் இது. ஐப்பசியிலிருந்து பங்குனிக்கு எண்ணிப் பாருங்கள், ஆறு மாதம் வரும். ஆழ்வார் காத்திருந்தது எந்த ஆறு மாதம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இந்த நிலத்துக்குப் பொருந்துகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அந்தப் பழைய காட்சி திரும்பி வந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டதாக அரசு சொன்னது. அதோடு மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. மலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. நீர் நிற்கும் இடத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் முந்தின நாள் மழை எப்படி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் தாழ்வான சாலைகளில் தண்ணீர் ஏறும். மலைப்படிகளும் வழுக்கும்.

இனி சேவிக்கும் முறை. முதலில் அடிவாரத்துக் கோயில். மணிகர்ணிகா தடாகம் என்று பெயர் பெற்ற திருக்குளத்தில் சித்த, ஸ்வர்ண, காருண்ய, க்ஷீர என நான்கு புஷ்கரணிகள் அடக்கம் என்பது ஐதீகம். மேலும் கீழுமாக நான்கு கோலம், குளத்தில் நான்கு தீர்த்தம். உள்ளே நீர்வண்ணப் பெருமாள் கிழக்கு நோக்கி நின்ற திருக்கோலம். நீலமுகில் வண்ணன் என்றும் சொல்வார்கள். தாயார் அணிமாமலர்மங்கை. இந்தத் தாயாரின் திருநாமம் ஆழ்வார் பாசுரத்திலேயே இருக்கிறது: பெரிய திருமொழி இரண்டாம் பத்து, நான்காம் திருமொழி, முதல் பாட்டு. அந்தப் பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் தரிசனமே வேறு மாதிரி இருக்கும். திருநறையூரில் நின்றவன், திருவாலியில் இருந்தவன், குடந்தையில் கிடந்தவன், கோவலூரில் நடந்தவன், அவன் எல்லாமுமாக எழுந்தருளிய இடம் நீர்மலை என்கிறார் ஆழ்வார். நான்கு ஊர்களுக்குப் போய்ச் சேவிக்க வேண்டியதை ஒரே குன்றில் சேவிக்கலாம் என்று அர்ச்சகர்கள் சொல்வது இந்தப் பாட்டை வைத்துத்தான்.

கீழ்க்கோயிலில் இன்னொரு சந்நிதியை அவசரத்தில் தவறவிட்டுவிடுகிறார்கள். அது ராமர் சந்நிதி, கூடவே வால்மீகி முனிவர். தலவரலாற்றின்படி வால்மீகி மலையேறி மூவரையும் சேவித்துவிட்டு இறங்கி வந்தார். இராமாயணம் பாடிய நாவுக்கு இராமனைக் காண வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை. நீர்வண்ணனே இராமனாக, தாயார் சீதையாக, ஆதிசேஷன் இலக்குவனாக, சங்கும் சக்கரமும் பரத சத்ருக்னர்களாக நின்றார்களாம். மலையேறும் முன் நேரமில்லை என்றால், இறங்கி வந்து இந்தச் சந்நிதியில் நில்லுங்கள். வால்மீகி வந்த வழியும் அதுதானே.

சந்நிதித் தெருவில் துளசி மாலை முழக் கணக்கில் கிடைக்கும். கீழே ஒன்று, மேலே மூன்று என்று கணக்கிட்டு அடிவாரத்திலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

படிகள் ஏறக்குறைய இருநூறு. நிதானமாக ஏறினால் இருபது நிமிடம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் இடையிடையே உட்கார்ந்து ஏறலாம். ஏறவே முடியாதவர்கள் வருந்த வேண்டாம். நீர்வண்ணனைச் சேவித்து, கீழிருந்து மலையை நோக்கிக் கைகூப்பினால் போதும். ஆழ்வாரும் ஆறு மாதம் அப்படித்தானே தூர நின்று தொழுதார். ஏறுகிறவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் சூடுதான். கருங்கல் காலை வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பத்தரை மணிக்கு மேல் சித்திரை, வைகாசியில் இறங்கும்போது பாதம் பொரிந்துவிடும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். குழந்தைகளுக்குப் பழைய காலுறை ஒன்று பையில் இருந்தால் உதவும். வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்கே அடிவாரத்தில் இருப்பது உத்தமம். கீழே அரை மணி, ஏற இருபது நிமிடம், மேலே முக்கால் மணி, இறங்கப் பத்து நிமிடம் என்று வைத்தால் பத்து மணிக்குள் கீழே வந்துவிடலாம். மாலையில் வருவதானால் நாலரைக்கு மேல் ஏறுங்கள், கல் ஆறத் தொடங்கியிருக்கும். நடை நேரம் உற்சவ நாட்களில் மாறும், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஏறும்போது காலுக்குக் கீழே இருக்கும் பாறையையும் கொஞ்சம் பாருங்கள். உடைந்த முகத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறமும் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும் உள்ள பாறை பல்லாவரம் பகுதிக் குன்றுகளின் அடையாளம். புவியியலார் இதைச் சார்னோக்கைட் என்கிறார்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துப் பாறையில் செய்தது. அதை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பெயரைச் சூட்டினார். இதே பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கே தொடங்கியது. பல்லாவரம் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகையும் இருக்கிறது. ஆழ்வார்கள் வந்தபோது இது ஆளரவமற்ற காடாக இருந்திருக்காது என்பதற்கு இவையே சான்று.

மேலே மூன்று சந்நிதிகள். அரங்கநாதர் தெற்கு நோக்கிய கிடந்த திருக்கோலம். தாயார் ரங்கநாயகி. கருவறை இருட்டாக இருக்கும். கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அவசரப்பட்டு நகர்ந்தால் திருமுகம் மட்டும் தெரியும், திருவடி தெரியாது. அர்ச்சகர் தீபத்தைத் திருமுடியிலிருந்து திருவடி வரை கொண்டுபோகும்போது கண்ணும் கூடவே போகட்டும். நமக்கு இடப்பக்கம் திருமுடி, வலப்பக்கம் திருவடி. தீர்த்தம், சடாரி, துளசி பெற்றுக்கொண்டு நகருங்கள். அடுத்து நரசிம்மர், இருந்த திருக்கோலம். இரணியனைக் கிழித்த உக்கிரம் இங்கே இல்லை. அஞ்சிய பிரகலாதனுக்காகச் சாந்தமாகி, பாலனாகக் காட்சி தந்தவர் என்பது தலவரலாறு. குழந்தைகளை இந்தச் சந்நிதியில் கூட்டிவந்து நிறுத்துகிற வழக்கம் அதனால்தான். பிறகு உலகளந்த பெருமாள், நடந்த திருக்கோலம். பாதம் தூக்கிய பெருமாளைச் சேவித்துப் பிரகாரம் சுற்றி வரும்போது காற்று அள்ளிக்கொண்டு போகும்.

அங்கிருந்து ஊரைப் பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்தால் ஊரின் வரலாறே கீழே கிடக்கிறது. வடக்கே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள். அடையாற்றுக்கு அப்பால் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் கொட்டகைகள். வடகிழக்கே அனகாபுத்தூர், கைத்தறி நெசவாளர்களின் ஊர். ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான மெட்ராஸ் கைக்குட்டைத் துணி அங்கே நெய்யப்பட்டது. கிழக்கே பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதி. குரோம் தோல் பதனிடும் தொழிலால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. அந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நிலத்தடி நீரை உப்பாக்கி, குரோமியத்தையும் அதில் கலந்துவிட்டது. நீரின் பெயர் தாங்கிய மலையடியில் குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருப்பது நெஞ்சை அறுக்கிற விஷயம். ஏரியிலும் குளத்திலும் வாழையிலை, பிளாஸ்டிக் பை, பழைய மாலை எதையும் போடாதீர்கள். தீர்த்தம் என்று சொல்லிக்கொண்டு அதில் குப்பை போடுவது அபசாரம்.

ஊரின் மக்கள் வரிசை அந்தக் காட்சியிலேயே தெரியும். மலையடி வீதிகளில் கோயில் கைங்கரியத்தையும் நிலத்தையும் நம்பி இருந்த பழைய குடும்பங்கள், பிறகு தோல் தொழிலுக்கும் தொழிற்பேட்டைக்கும் வந்தவர்கள், அதன்பின் விமான நிலையத்தையும் புறவழிச்சாலையையும் ஒட்டி வீடு வாங்கியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது திருநீர்மலை தனிப் பேரூராட்சி. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது ஐந்து நகராட்சிகளோடு இணைக்கப்பட்ட ஐந்து பேரூராட்சிகளில் இதுவும் ஒன்று. ஆள்கிற அமைப்பு மாறினாலும் பங்குனி, சித்திரை உற்சவங்களில் ஊர் பழைய ஊராகிவிடும். வாகனப் புறப்பாட்டின்போது வீதிக்கு வீதி கோலம் போட்டுக் காத்திருப்பார்கள்.

கல்யாணத்துக்காக இங்கே வருகிறவர்கள் ஏராளம். திரைப்படங்களிலும் இந்தப் படிகளையும் மண்டபத்தையும் பார்த்திருப்பீர்கள். கோயிலில் திருமணம் நடத்த விரும்பினால் முன்கூட்டியே அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வயதுச் சான்று, அடையாள அட்டை, கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் முதல் திருமணச் சான்று ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். சான்று கையில் கிடைக்காமல் முகூர்த்தத் தேதி குறிப்பதுதான் கடைசி நேரத்துச் சங்கடத்துக்குக் காரணம். வெறும் தரிசனத்துக்கு வருபவர்கள் முகூர்த்த ஞாயிறைத் தவிர்த்தால் நிம்மதி.

நேரம் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. பெரிய திருமொழி இரண்டாம் பத்தில் ஆழ்வார் திருவள்ளூர் எவ்வுளைப் பாடி, திருவல்லிக்கேணியைப் பாடி, நீர்மலைக்கு வருகிறார். அடுத்து கடல்மல்லை என்னும் மாமல்லபுரம், அதன்பின் திருவிடவெந்தை என்னும் திருவிடந்தை, பிறகு காஞ்சி அட்டபுயகரம். பூதத்தாழ்வாரும் தம் அந்தாதியில் நீர்மலையை நினைக்கிறார். அவர் பிறந்ததே கடல்மல்லையில். காலையில் நீர்மலை, நடை திறக்கும் மாலை வேளையில் திருவிடந்தையும் மாமல்லபுரத்துத் தலசயனமும் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் ஆழ்வார்கள் பாடிய தலங்களான திவ்யதேசங்களில் மூன்றைச் சேவிக்கலாம். பத்து மணிக்கு நீர்மலைப் படியிறங்கினால் பகல் முழுவதும் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் இருக்கும். திருவிடந்தையில் நடை திறக்கும்போது முதல் வரிசையில் நிற்கலாம்.