மெரூனுக்குள் ஒரு கொட்டை

மெரூன் என்றால் எனக்குக் கருஞ்சிவப்புதான். ஆனால் பிரெஞ்சில் 'மரோன்' என்பது செஸ்ட்நட் கொட்டை. அதன் தோல் பளபளக்கும் பழுப்பு. வெளிச்சத்தில் திருப்பினால் லேசாகச் செம்மை தெரியும், அடியில் மட்டும் வெளிறிய திட்டு. ஆங்கிலம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை நிறப்பெயராக்கியபோது அந்தச் செம்மையைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் பழுப்பிலேயே நின்றுவிட்டார்கள். பழுப்புக் கண்ணை இன்றும் 'மரோன்' என்பார்கள். நம் மெரூனைக் காட்டினால் 'போர்தோ' என்று ஒயின் பெயரைச் சொல்வார்கள். சரி, குடிப்பவர்களுக்கு அதுதானே முதலில் ஞாபகம் வரும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஆங்கிலத்தில் ஒருவகைப் பட்டாசுக்கும் மெரூன் என்றே பெயர். நெருப்பில் போட்ட கொட்டை படாரென்று வெடிக்குமே, அதனால். அப்புறம், தப்பியோடிய அடிமைகளைக் குறிக்கும் 'மெரூன்' இதன் உறவே இல்லை. அது ஸ்பானிய 'சிமரோன்' வழி வந்தது.