தலையணைக்கு அடியில் சப்பாத்தி

தங்கை வீட்டில் தினமும் அடிதடி. அக்கம்பக்கத்தில் யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல, அவளுடைய எட்டு வயது மகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். தங்கை அப்போது மனநல சிகிச்சையில் இருந்தாள். பிள்ளையை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லி, இப்படிப்பட்ட பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு எழுதினேன்.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, வேறு வழியே இல்லாதபோதுதான் பிள்ளையை இல்லத்தில் வைக்க வேண்டும். அதனால் சொந்தக்காரர்கள் தயங்காமல் கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். குழு கூடும் இடம் கோர்ட் மாதிரி இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதன்படியே பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து, "யாரோட இருக்க ஆசை?" என்று அவளிடமே கேட்டார்கள்.

ஆணை கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. தலையணைக்கு அடியில் சப்பாத்தி ஒளித்து வைப்பாள். பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று சாத்தினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். படுக்கை நனையும். "செல்லம் கொடுத்துக் கெடுக்காதே, ரெண்டு போடு" என்றார்கள் உறவினர்கள்.

ஆலோசகர் சொன்னது வேறு. இது பிடிவாதம் இல்லை, ஆபத்து இன்னும் போகவில்லை என்று அவள் உடம்பு நினைக்கிறது என்றார். அவளுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா வைத்தோம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நாளைக்கு என்னென்ன நடக்கும் என்று ராத்திரியே சொல்லிவிடுவேன். நடந்ததைக் கிளறிக் கேட்க யாரையும் விடவில்லை. அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். சப்பாத்தி ஒளிப்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது தங்கை விஷயம். "பெத்தவளா இவ?" என்று பிள்ளை காதுபடப் பேசுவார்கள். அவளும் அடிபட்டவள்தானே! அம்மாவைத் திட்டினால் பிள்ளை தன்னையே திட்டுவதாக எடுத்துக்கொள்கிறாள் என்று ஆலோசகர் விளக்கினார். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. குழுவின் அனுமதியோடு தங்கை வந்து பார்க்கிறாள். வரும் நாளை முன்கூட்டியே சொல்லி, சொன்ன நேரத்துக்கு வரவைப்போம். போன பிறகு பிள்ளை அழுவாள், அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வருமான வரம்பு இருப்பதால் பாதுகாப்பு அலகில் கேட்டு விண்ணப்பியுங்கள். அப்படியே, பிள்ளைக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.