கும்பகோணம் – மன்னார்குடி சாலையில் முகப்பு விளக்கின் நிறம்: ஐப்பசி முதல் தை வரை

சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு, வலங்கைமானைக் கடந்து நீடாமங்கலம் நோக்கி வந்துகொண்டிருந்தபோது, சாலையோரம் விளக்கின்றி நின்றிருந்த வைக்கோல் ஏற்றிய டயர் வண்டி ஒன்று, அதன் மீது மோதுவதற்குச் சில அடிகளே இருந்த நிலையில்தான் என் கண்ணில் பட்டது. காரின் வயது பன்னிரண்டு. என் வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. குறை கண்ணிலா விளக்கிலா என்ற கேள்விக்கு, விளக்கில்தான் என்று எனக்குச் சாதகமாக நானே தீர்ப்பளித்துக்கொண்டு, மறு வாரமே பல்பு மாற்றும் வேலையில் இறங்கினேன்.

என் காரில் இருப்பது ஹெச்4 வகை ஹாலோஜன் பல்பு; பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். கடையில் கேட்டதும், “6000 கெல்வின் எல்இடி போடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்” என்றார்கள். பெரிய எண் என்றால் பெரிய வெளிச்சம் என்றே நானும் எண்ணி வாங்கினேன். கெல்வின் என்பது ஒளியின் அளவன்று, அதன் நிறம் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொல்லுப்பட்டறையில் இரும்பு காயக் காயச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து வெண்மைக்கும் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய 1900, ஹாலோஜன் 3200, செனான் விளக்கு 4300, நடுப்பகல் வெயில் 5500 என்று எண் ஏற ஏற நிறம் நீலத்தை நோக்கிப் போகும். ஹாலோஜனுக்குள் இருக்கும் இழை உண்மையாகவே ஏறத்தாழ அந்த அளவு கொதிக்கிறது. எல்இடியில் அப்படி எதுவும் கொதிப்பதில்லை, அதன் நிறத்துக்கு ஒப்பான ஓர் எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிடுகிறார்கள், அவ்வளவுதான். எவ்வளவு ஒளி என்பதைச் சொல்வது லூமன் கணக்கு.

மாட்டிய முதல் இரவு மகிழ்ச்சியாகவே இருந்தது. தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெரிந்தன, சாலைதான் தெரியவில்லை. எதிரே வந்த பேருந்து ஓட்டுநர்கள் ஒருவர் விடாமல் பிரைட் அடித்து என்னைக் கண்டித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மாலை எங்கள் களத்துச் சுவருக்கு 25 அடி முன்னால் காரை நிறுத்தி, விளக்கின் மையம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். பழைய பல்பில் கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருள், இடப்பக்கம் மட்டும் சாலையோரத்தைக் காட்டுவதற்காகச் சற்று ஏறிய சாய்வு என்று ஒழுங்கான வடிவம் விழுந்தது. எல்இடியில் அந்த எல்லையே அழிந்து, சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஒரே வெண்மையாக இருந்தது. ஹெச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் குழிந்த சிறு தகடு ஒன்று உண்டு; இழையின் ஒளி பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் மறைப்பது அதன் வேலை. நான் வாங்கிய எல்இடியில் ஒளி தரும் சில்லுகள் இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தன. முன்பெல்லாம் லாரி, பேருந்து விளக்குகளின் நடுவில் எதிரே வருபவர் கண் கூசாமலிருக்கக் கறுப்பு வட்டம் ஒட்டியிருப்பார்கள். அந்த நாள் என்றால் எனக்கு அபராதம் நிச்சயம்.

நிறத்தைப் பொறுத்தவரை நனைந்த சாலையில் கண்டதுதான் முக்கியம். தார் மேல் நிற்கும் நீர் கண்ணாடி போல வெளிச்சத்தை முன்பக்கம் எறிந்துவிடுவதால், எந்த நிற விளக்கானாலும் ஓட்டுபவர் கண்ணுக்குத் திரும்பி வருவது குறைவுதான். ஆனால் 6000 கெல்வினில் கண்ணுக்கு முன்னால் மழைத்தாரைகள் வெள்ளிக் கம்பிகளாக மின்ன, அவற்றுக்குப் பின்னால் தாரும் ஓரத்துச் சேறும் வாய்க்கால் விளிம்பும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிட்டன. ஹாலோஜன் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் நிறைய இருப்பதால், சேறு சேறாகவும் வைக்கோல் வைக்கோலாகவும் தெரிகின்றன. கைப்பிடிச் சுவர் இடிந்த மதகுகள் நிறைந்த நம் பக்கத்துச் சாலையில் தாரின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதுதான் தெரிய வேண்டிய செய்தி.

4300 கெல்வின் எல்இடி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். கூச்சம் குறைந்தது, சுவரில் விழுந்த வடிவம் திருந்தவில்லை, கழற்றிவிட்டேன். நீலப் பூச்சுப் பூசிய ஹாலோஜனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: இருக்கும் ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்து வெள்ளையாக்கிக் காட்டுகிறது.

கார்த்திகையில் மன்னார்குடி எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஹோல்டர்ல எவ்வளவு வோல்ட் வருதுன்னு பாத்தீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். பார்த்திருக்கவில்லை. இன்ஜின் ஓட, விளக்கு எரிய, மல்டிமீட்டர் வைத்தால் பேட்டரி முனையில் 13.9, பல்பு ஹோல்டரில் 11.9. இரண்டு வோல்ட், ஸ்டியரிங் அருகிலுள்ள ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும் மெல்லிய வயரிலும், பச்சை பூத்த எர்த் இணைப்பிலும் கரைந்துபோயிருந்தது. ஹாலோஜனில் வோல்டேஜ் சிறிது குறைந்தாலும் ஒளி பல மடங்கு வேகத்தில் குறையும்; இழையும் சரியாகக் காயாமல் நிறம் பழுப்பேறும். நான் நிறத்தின் குறை என்று எண்ணியது இந்தப் பழுப்பைத்தான். இரண்டு ரிலே (ஸ்விட்சின் சிறு மின்னோட்டத்தால் விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் கருவி), தனித்தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராகக் கனமான வயர், புதிய எர்த் என்று அரை நாளில் வேலை முடிந்தது. இப்போது ஹோல்டரில் 13.5, கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளி, அதே 60/55 வாட் சாதாரண பல்பில். 100 வாட் போடச் சொன்னவர்களும் உண்டு; ஹோல்டர் உருகும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

மார்கழி மூடுபனிக்கு மட்டும் பம்பருக்குக் கீழே உள்ள பனி விளக்குகளில் 3000 கெல்வினை ஒட்டிய மஞ்சள் பல்பு போட்டிருக்கிறேன். மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்று பலரும் சொல்வது சரியன்று. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கிறது. மஞ்சளில் நீலக் கூறு இல்லாததால் திரும்பி வரும் ஒளி கண்ணைக் குறைவாகக் கூசச் செய்கிறது என்பதே நான் உணர்ந்த பயன். பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை முகப்பு விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. என் அனுபவத்தில் நிறத்தைவிட, விளக்கு தாழ்வாக இருந்து பனிக்கு அடியில் சாலையைத் தொடுவதுதான் அதிகம் உதவியது. குடமுருட்டிப் பாலத்தருகே பனி அடர்ந்த ஒரு விடியற்காலையில், முகப்பு விளக்கை டிம்மில் வைத்து, இந்த மஞ்சளின் துணையோடு, வெள்ளைக் கோட்டைப் பிடித்தபடியே இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்ந்தேன்.

எதிர்பாராத பலன் ஒன்று: வயல்வெளி இரவுகளில் கண்ணாடியில் அப்பும் தத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் எல்இடி காலத்தைவிட இப்போது குறைவாகத் தோன்றுகின்றன. பூச்சிகள் நீலத்தை நாடுபவைதான் என்றாலும், பருவமும் மாறியிருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல அடுத்த ஐப்பசி வர வேண்டும்.

தையில் மீண்டும் களத்துச் சுவர் முன் நிறுத்தி உயரத்தைச் சரிபார்த்தேன். காலி வண்டியில் ஒளி எல்லை கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழே விழுகிறது. பின்னால் இரண்டு நெல் மூட்டை ஏற்றியதும் கோட்டைத் தாண்டி மேலே வந்துவிட்டது. மூட்டை ஏற்றும் நாட்களில் டாஷ்போர்டில் உள்ள விளக்கு இறக்கும் திருகை 2இல் வைக்கிறேன்.