சீட்டின் தேதி

"மருந்து கெடுதல் என்றால் கண் இப்படியா இருக்கும், அண்ணா?" என்று கேட்டுவிட்டு, பையனின் தொப்பியைக் கழற்றி முகத்தை எங்கள் மருந்துக்கடைக் கவுண்டர் பக்கம் திருப்பிக் காட்டினார் அந்த அம்மா. கண் நன்றாகத்தான் இருந்தது. சிவப்பில்லை, பீளையில்லை, நீர் வடியவில்லை. கோடை அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு வரும் அழுக்குப் பழுப்பு மட்டும் வெள்ளை விழியில் லேசாகத் தெரிந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நான் மருந்து தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கொண்டுவந்த காலிப் பாட்டில் பிரெட்னிசோலோன் அசிடேட் 1 சதவீதம், ஸ்டீராய்டு வகைக் கண் சொட்டு மருந்து. கைபட்டுக் கைபட்டு லேபிளின் சிவப்புக் கோடு வெளிறிப்போயிருந்தது. சீட்டு மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டப்பட்டிருந்தது. புதுச்சேரியில் ஒரு கண் டாக்டர் எழுதியது. சில வாரங்களுக்கு மட்டும், வாரா வாரம் வேளையைக் குறைத்து நிறுத்திவிட்டு மறுபடி காட்ட வரும்படி தெளிவாகவே எழுதியிருந்தார். தேதி மட்டும் முந்தின வருடத்துக் கோடை. அதற்குப் பிறகு எத்தனை பாட்டில், எந்தெந்தக் கடையில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டியலில் எங்கள் கடையும் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கவுண்டரில் எப்போதும் நானே நிற்பதில்லை.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நான் வில்லனாகப் பார்ப்பவன் அல்ல. கண்ணைக் கசக்கிக் கசக்கி இரவெல்லாம் அழும் பிள்ளைக்கு இரண்டு நாளில் அரிப்பை அடக்குவது அதுதான். அடக்கும்போதே வேறொரு வேலையையும் பார்க்கிறது. தொடர்ந்து பல வாரம் விட்டால் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் நாலைந்து பேருக்குக் கடுமையாக ஏறும். குழந்தைகளுக்கு இது இன்னும் சீக்கிரமே நடக்கலாம். சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்க வேண்டிய அழுத்தம் முப்பதைத் தாண்டினாலும் பிள்ளைக்கு வலிக்காமல் போகலாம். கண்ணும் சிவக்காது. பார்வை நரம்பு அரிக்கப்படும், பார்வை ஓரத்திலிருந்து குறையும். நேர்ப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால்தான் "போர்டில் எழுதுவதெல்லாம் தெரிகிறது என்கிறான்" என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. இதே மருந்தால் லென்ஸின் பின்புறம் புரை விழலாம். அதை அறுவை செய்து எடுத்துவிடலாம். போன நரம்பு போனதுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அழுத்தம் பார்க்காமல் தர முடியாதம்மா. சீட்டும் பழையது."

இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "சீட்டுதான் பிரச்சினை என்றால் அதைச் சொல்லுங்கள். எதற்குப் பிள்ளையை வைத்துக்கொண்டு பயமுறுத்துகிறீர்கள்?" பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். இது ஷெட்யூல் ஹெச் மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது உண்மை. அந்த விதி இல்லாதிருந்தால் மறுத்திருப்பேனா? மறுத்திருப்பேன் என்றே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஆய்வாளர் வந்தால் என்ன ஆகும் என்ற எண்ணமும் அந்த நேரத்தில் மனத்தில் ஓடத்தான் செய்தது.

அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலை. புதுச்சேரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், பையனுக்குப் பள்ளிக்கூடம் போகும், பஸ் செலவு வேறு. "வயது வந்தால் தானாகப் போய்விடும் என்று டாக்டரே சொன்னார்" என்றார். பொய்யில்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த அலர்ஜி பருவ வயதில் தணிந்துவிடும். ஏறிய அழுத்தத்தால் வந்த சேதம் தணியாது. டாக்டரிடம் போனால் அழுத்தம் குறைவாக ஏற்றும் ஃப்ளூரோமெத்தோலோன் என்ற ஸ்டீராய்டுக்கு மாற்றலாம், ஓலோபடடின் என்ற அலர்ஜிச் சொட்டும் குளிர்ந்த ஒத்தடமும் போதும் என்று சொல்லலாம், ஸ்டீராய்டு அல்லாத சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதலாம். வழி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வழியெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகுதான் தொடங்குகிறது.

"சரி, வேறு கடை இல்லையா?" என்று பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளியும் பிறகு அதையேதான் வேறு விதமாகக் கேட்டார்: "சாலையைத் தாண்டினால் வாங்கிவிடுவார். நாம் தராததால் அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்?"

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்து ஆட்கள் வரும்போது எனக்கு இந்தக் குழப்பம் வருவதே இல்லை. கரும்புச் சோகை உரிக்கும்போது இலை கண்ணில் கீறியிருக்கும். பூஞ்சை இறங்கிக் கருவிழியில் புண் வைத்திருக்கலாம். அங்கே ஸ்டீராய்டு சொட்டு எரிகிற வீட்டுக்கு எண்ணெய். உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். சிவப்பு குறைந்தது போலத் தெரியும். புண் உள்ளே இறங்கும். "மெட்ராஸ் ஐ மாதிரி இருக்கிறது, அந்தச் சொட்டைக் கொடுங்கள்" என்பார்கள். முகத்துக்கு நேரே மறுத்து, பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்லிவிடுவேன். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டு நிற்பவர் எதிர்த்துப் பேசமாட்டார். அந்தப் பையன் விஷயத்தில் மருந்து நன்றாக வேலை செய்திருந்தது. அதனால்தான் என் பேச்சு எடுபடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவ்வளவு நாள் விட்ட மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அலர்ஜி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம், கருவிழியில் புண்கூட வரலாம். நான் மறுத்த அன்றே அவர் வேறு கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போயிருந்தால்? வேறு கடையில் வாங்கியிருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். மறுத்தவனுக்கு இப்படி நினைக்க என்ன உரிமை என்றும் தோன்றியது.

அண்மையில் தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். கண்புரை அறுவை செய்து சில வாரம் ஆகியிருந்தது. இன்னும் தினம் ஒரு வேளை சொட்டு விட வேண்டியது பாக்கி. பாட்டிலின் மூடி கழன்று மருந்து பையிலேயே சிந்திவிட்டது என்றார். சீட்டைப் பார்த்தேன், அதே பிரெட்னிசோலோன். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன், நன்றாகக் குலுக்கிவிட்டு விடும்படியும் சொன்னேன். பாதியில் நின்றால் வீக்கம் திரும்பும் என்பதால் கொடுத்தது சரிதான் என்றே நினைக்கிறேன். அவருக்கும் நான் அழுத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்கவில்லை. அவருடைய சீட்டில் தேதி புதிது, அந்த அம்மாவுடையதில் பழையது. எவ்வளவு பழையதானால் மறுக்க வேண்டும் என்று கடைப்பையன் கேட்டான். பார்த்துச் செய் என்றேன்.